ஏழாம் அத்தியாயம்: அட்டைக் கட்டும் கேஸ் வால்வும்

சாரணர் இயக்கத்தில் அவசரகால ஆயத்த பேட்ஜ் எடுக்கப் போகிறேன் என்று என் மகன் சொன்ன அன்று மாலையே கடைக்குப் போய் நூறு வெள்ளை அட்டைகள் வாங்கி வந்தேன். வேறென்ன செய்யத் தெரியும் நமக்கு? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு என்று கேள்வி பதிலிலேயே ஊறி வளர்ந்தவர்கள் நாம். பேட்ஜ் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எண்பது சொச்சம் கேள்விகள் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு காரில் வைத்தேன். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்பேன். பையன் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பான்.

பேட்ஜுக்குக் கையெழுத்திடும் கவுன்சலரைப் பார்த்த அன்று அந்த எண்பதில் ஒன்றுகூட வரவில்லை. அவர் சாவகாசமாகக் கேட்டார்: "கேஸ் வாடை வருது, வால்வை மூடணும்னு எழுதியிருக்கியே. உங்க வீட்டுல அது எந்தப் பக்கம் இருக்கு?" பையன் என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறோம்.

அந்த அட்டைக் கட்டைத் தூக்கிப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. அட்டை நல்ல கருவிதான். அதில் எதை எழுதுவது, எங்கே நின்று கேட்பது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

பரீட்சை இல்லாத இடம்

2025 பிப்ரவரி வரை பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்றிருந்த அமைப்புதான் இப்போது ஸ்கவுட்டிங் அமெரிக்கா. அதில் 130-க்கும் மேற்பட்ட மெரிட் பேட்ஜுகள் உண்டு. உச்ச நிலையான ஈகிளுக்கு 21 வேண்டும். அவற்றில் கட்டாயமானவை சில. எமர்ஜென்சி பிரிப்பேர்ட்னஸ் (நம் அவசரகால ஆயத்தம்), லைஃப்சேவிங் இரண்டில் ஒன்றை எடுத்தால் அந்தக் கட்டாயக் கணக்கில் ஒரு இடம் நிரம்பும். லைஃப்சேவிங்குக்கு நன்றாக நீந்த வேண்டும் என்பதால் நம் பிள்ளைகளில் பலர் இந்தப் பக்கம் ஒதுங்குவார்கள். ஒதுங்கட்டும், தப்பில்லை. ஆனால் இதற்கு முன்பே முதலுதவி பேட்ஜை வாங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இதில் இறங்கிக் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெரிட் பேட்ஜுக்குத் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. பதிவு பெற்ற கவுன்சலர் ஒருவர், விதிப் பட்டியலில் எழுதியிருப்பதைப் பிள்ளை செய்தானா என்று பார்த்துக் கையெழுத்திடுவார். எழுதியிருப்பதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கவும் ஒன்றைக் குறைக்கவும் யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அமைப்பின் வழிகாட்டியே சொல்கிறது. "என் வினாத்தாளில் நூற்றுக்கு எண்பது எடுத்தால்தான் கையெழுத்து" என்று கவுன்சலர் சொல்ல முடியாது. வீட்டில் நூற்றுக்கு நூறு எடுத்தான் என்று நாமும் கையெழுத்து கேட்க முடியாது. ஆக, நாம் தயாரிக்கும் வினாவிடை ஒத்திகை மட்டுமே.

இதனால் வரும் முதல் வேலை: விதிப் பட்டியலை அச்செடுத்து, வினைச்சொற்களின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். ஷோ என்றால் காட்ட வேண்டும். எக்ஸ்பிளெயின் என்றால் சொந்த வார்த்தையில் விளக்க வேண்டும். டிஸ்கஸ் என்றால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார், அதற்கும் பேச வேண்டும். மேக் என்றால் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். மின்கம்பியில் ஒட்டிக்கொண்டவரை எப்படிக் காப்பாற்றுவாய் என்பது காட்ட வேண்டிய விஷயம். அதற்குப் போய் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அட்டை எழுதுவது வீண் வேலை. பையனை பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, "சமையலறை ஸ்விட்ச் இதுல எது?" என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் ஒட்டிய பெயர்கள் தப்பாகவே இருக்கும்.

விதிகள் அவ்வப்போது மாறும். அண்ணன் பழைய கையேட்டைத் தம்பிக்குக் கொடுப்பது நம் குடும்ப வழக்கம். இதில் மட்டும் வேண்டாம். இந்த வருஷப் பட்டியலை அமைப்பின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டையைத் திருத்துவோம்

என் பழைய கட்டில் இப்படி ஒன்று இருந்தது: "கார்பன் மோனாக்சைடுக்கு நிறம், மணம் உண்டா?" பின்பக்கம்: "இல்லை." பையன் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிவிடுவான். அதனால் யாருக்கு என்ன லாபம்?

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் உறைந்ததை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹூஸ்டனில் ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் இல்லை. மாநில சுகாதாரத் துறை பின்னால் எண்ணியபோது இறந்தவர்கள் 246 பேர். குளிரில் போனவர்களே அதிகம். வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டியும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டும் நச்சுக்காற்றில் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அவர்களில் எத்தனையோ பேர் பள்ளியில் "நிறமற்றது, மணமற்றது" என்று எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள்.

திருத்திய அட்டை இது: "கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆகிறது. பாட்டிக்குக் குளிர் தாங்கவில்லை. மாமா பார்பிக்யூ அடுப்பை கராஜுக்குள் கொண்டு வருகிறார். கதவைப் பாதி திறந்துதானே வைத்திருக்கிறேன் என்கிறார். நீ என்ன செய்வாய்? மாமாவிடம் என்ன வார்த்தை சொல்வாய்?"

இதில் கடைசிக் கேள்விதான் கனமானது. நம் வீடுகளில் பதின்மூன்று வயதுப் பையன் பெரியவரைப் பார்த்து "தப்பு" என்று சொல்லிவிட முடியுமா? முதல் தடவை என் மகன், "மாமா... அது... ஓகே இல்ல" என்று இழுத்தான். மாமாவாக நடித்த நான் விடவில்லை: "எங்க ஊர்ல குமுட்டி அடுப்பு வீட்டுக்குள்ளதான்டா எரியும். யாரு செத்தா?" மூன்றாவது சுற்றில் அவனுக்கு ஒரு வாசகம் கிடைத்தது: "மாமா, அந்த வீட்டுல ஓடு, ஜன்னல் எல்லாம் காத்து போகும். இந்த வீடு ஐஸ்பாக்ஸ் மாதிரி அடைச்சிருக்கு. வெளியே வைங்க, நான் பாட்டிக்கு ரெண்டு போர்வை எடுத்துட்டு வரேன்." எந்தக் கையேட்டிலும் இல்லாத பதில். இதை அட்டையின் பின்பக்கம் அப்படியே எழுதி வைத்தேன்.

தொடர் கேள்வியும் வேண்டும். "வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல். என்ன செய்வாய்?" எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கே நின்று 911. மறுபடி உள்ளே போகக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால்? "ஓடிப் போய் இழுத்துட்டு வருவேன்" என்பது சினிமா பதில். நச்சுக்காற்று நிறைந்த இடத்தில் காப்பாற்றப் போனவரும் விழுவார். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது பற்றிய விதியில் "பாதுகாப்பாக" என்ற சொல் இருக்கிறது, அதற்கும் சிவப்புக் கோடு போடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பிள்ளையிடம் டேப்பைக் கொடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து 20 அடி அளந்து அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது என்பது அப்போதுதான் தெரியும்.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்

ஹார்வி புயல் 2017 ஆகஸ்டில் வந்தபோது ஹூஸ்டன் சாலைகள் கால்வாய்களாயின. ஓடும் வெள்ளம் 15 செ.மீ. இருந்தால் பெரிய ஆளையே தள்ளிவிடும். 30 செ.மீ. சின்னக் காரை நகர்த்தும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். இந்த எண்களை ஒப்பிப்பதில் என் மகன் கெட்டிக்காரன். "அப்போ 15 செ.மீ. உன் கால்ல எதுவரைக்கும்?" என்றேன். முட்டியைத் தொட்டான்.

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும், அது ஒரு அடி. பாதி ஸ்கேல் உயரத் தண்ணீர் ஆளைச் சாய்க்கும், முழு ஸ்கேல் சின்னக் காரை நகர்த்தும், இரண்டு ஸ்கேல் நம் வீட்டு வேனையும் கொண்டு போகும். டிரைவ்வேயில் வண்டியை நிறுத்தி, டயருக்குப் பக்கத்தில் ஸ்கேலை நட்டுக்கொண்டு கேளுங்கள். பாதி ஸ்கேல் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அதைப் பார்த்த பிள்ளையின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். என் மனைவி அதைப் பார்த்த பிறகுதான் மழை நாளில் சுரங்கப் பாலத்துக்குக் கீழே வண்டியை விடுவதை நிறுத்தினாள். பேட்ஜ் பையனுக்கு, பாடம் அவளுக்கு.

டொர்னேடோ விஷயத்தில் வாட்ச், வார்னிங் இரண்டும் பெரியவர்களுக்கே குழம்பும். எங்கள் வீட்டு விளக்கம்: வாட்ச் என்றால் மாவு பொங்கித் தயாராக இருக்கிறது. வார்னிங் என்றால் கல்லில் ஊற்றியாகிவிட்டது. முன்னதில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும், பின்னதில் உடனே ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? டெக்ஸாஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை இல்லை. தரைத் தளத்தில், நடுவில், ஜன்னல் இல்லாத அறை வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டது படிக்கட்டுக்கு அடியில் உள்ள குளோசெட் ஒன்றுதான். அதில் சாமி படங்கள், இருபது பவுண்டு அரிசி மூட்டை இரண்டு, கொலுப் படிகள். "நாலு பேர் உள்ளே போய் உட்காரு" என்று அட்டையில் எழுதி நேரம் வைத்தேன். அரிசி மூட்டையை வெளியே இழுக்கவே இரண்டு நிமிடம் ஆனது. மூட்டை இப்போது கராஜில் இருக்கிறது. சாமி அங்கேயேதான்.

அடுப்படிக் கேள்விகள்

வடை சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். அட்டையில் இது சுலபம். அணைந்த அடுப்பின் முன் வெறும் வாணலியை வைத்து "மூடு" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வாணலிக்குப் பொருந்தும் மூடியே வீட்டில் இல்லை! ஊரிலிருந்து வந்த இரும்பு வாணலி, அதற்கு எந்தக் காலத்திலும் மூடி இருந்ததில்லை. கடைசியில் ஓவனில் இருந்த பேக்கிங் தட்டு சரியாக உட்கார்ந்தது. அது இப்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

தீப்புண்ணுக்குத் தப்பான விடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், பேனா மை, வெண்ணெய்: எல்லாம் நம் வீட்டுக் கைவசம். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், ஐஸ் கூடாது என்பது சரியான விடை. நல்ல வினாவுக்கு இதுதான் இலக்கணம் என்பேன். தப்பான விடைகள் மூன்றும், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உண்மையில் செய்தவையாக இருக்க வேண்டும். "அ) தண்ணீர் விடுவது, ஆ) பாட்டுப் பாடுவது, இ) தூங்குவது" என்று எழுதினால் குழந்தை யோசிக்காமலே டிக் அடிக்கும். "அ) தண்ணீர், ஆ) இட்லி மாவு, இ) பற்பசை, ஈ) ஐஸ் கட்டி" என்று எழுதுங்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால் விவாதமே நடக்கும். டிஸ்கஸ் என்ற வினைச்சொல்லுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பாட்டிக்கு ஓர் அட்டை

குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இந்த பேட்ஜின் விதிகளில் ஒன்று. இதைப் பலர் பேருக்கு முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், குறிப்பாக ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் காலத்தில்.

பகலில் பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருப்பார்கள். தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தால் பாட்டி யாரைக் கூப்பிடுவார்? மகனுக்கு போன் அடிப்பார். மகன் மீட்டிங்கில் இருப்பான். என் மகன் தன் பாட்டிக்காக ஓர் அட்டை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான். தமிழ் எழுத்தில், ஆனால் ஆங்கில வாசகம்: "ஐ நீட் ஆம்புலன்ஸ்." அடுத்த வரி வீட்டு முகவரி, எண்ணோடும் தெருவோடும். அடுத்த வரி "ஐ ஸ்பீக் டமில்." பல 911 மையங்கள் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும், ஆனால் மொழியின் பெயரைச் சொல்ல வேண்டும். முகவரி மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு. லைன் அறுந்தாலும் அவர்கள் எங்கே வர வேண்டும் என்பது கையில் இருக்கும்.

ஒத்திகைக்கு டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நிஜப் போனைத் தொட வேண்டாம். தெரியாமல் அழுத்திவிட்டால் பதறி வைத்துவிடாமல், தவறுதலாக வந்தது என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். "ஏன்டா, நான் பேசுறது அவனுக்குப் புரியுமா?" என்று பாட்டி கேட்டார். "பாட்டி, நீங்க அட்டையை மட்டும் படிங்க, மீதியை அவங்க பாத்துப்பாங்க" என்றான். நான்காவது தடவை பாட்டி அட்டையைப் பார்க்காமலே முகவரி சொன்னார்.

மூட்டையின் எடை

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. நாலு பேர், மூன்று நாள், பன்னிரண்டு காலன். அட்டையில் எழுதினால் பெருக்கல் வாய்ப்பாடு. கராஜில் அடுக்கி வைத்து, "இதைக் கிளப்பிக் காருக்குக் கொண்டு போ" என்று சொல்லிப் பாருங்கள். ஏறத்தாழ 45 கிலோ. அசையாது. வீட்டிலேயே அடைந்து கிடக்கத் தேவையான சேமிப்பு வேறு, பத்து நிமிடத்தில் வெளியேறத் தேவையான பை வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

அந்தப் பைக்கு என் கேள்வி ஒன்றே: "எதை விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது?" பிள்ளைகள் சார்ஜர், விளையாட்டுக் கருவி என்று ஆரம்பிப்பார்கள். நம் குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட், விசா தாள்கள், தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை, அது எழுதிய சீட்டு. தகரடப்பா உணவு வைத்தால் திறப்பானும் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த மூட்டையை மட்டும் கொடுங்கள். பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

மனப்பாடமும் வேண்டிய இடம்

சிலவற்றுக்குப் பழைய அட்டையே போதும், யோசிக்க நேரம் இருக்காது. இதயம் நின்ற பெரியவருக்கு மார்பழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 செ.மீ. வானத்திலிருந்து பார்க்கும் விமானத்துக்குத் தரையில் பெரிய ஆங்கில வி எழுத்து என்றால் உதவி வேண்டும், எக்ஸ் என்றால் மருத்துவ உதவி வேண்டும். எதையும் மூன்று முறை செய்தால் ஆபத்துச் சைகை. தண்ணீரில் தத்தளிப்பவருக்கு முதலில் கை அல்லது கம்பு நீட்டு, பிறகு கயிறு எறி, பிறகு படகு. நீந்திப் போவது கடைசி, அதுவும் பயிற்சி இருந்தால்தான். இவற்றைக் காரில் கேளுங்கள், குளியலறை வாசலில் நின்று கேளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இன்சிடென்ட் கமாண்ட் முறை பற்றிய பகுதியைப் பிள்ளைகள் வெறுப்பார்கள், எனக்கும் அது வறட்சிதான். 1970-இல் கலிபோர்னியாவில் காடுகள் எரிந்தபோது பல துறைகள் வந்தும், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல், யார் தலைமை என்றும் தெரியாமல் திணறினார்கள். அதிலிருந்து பிறந்த ஒழுங்கு என்று கதையாகச் சொல்லிவிடுங்கள். நம் கல்யாண வீட்டில் ஆளாளுக்குச் சமையல்காரருக்கு உத்தரவு போடுவதை நினைவூட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஒரு உட்காரலுக்கு ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். கவுன்சலரைப் பார்க்கப் பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது. பெற்றோரோ பதிவு பெற்ற வேறொரு பெரியவரோ கூட இருக்க வேண்டும், அது அமைப்பின் பாதுகாப்பு விதி. நீங்கள் போனால் ஒரு நாற்காலி பின்னால் தள்ளி உட்காருங்கள். பிள்ளை திணறும்போது உதட்டை அசைக்காதீர்கள். நான் அசைத்தேன். கவுன்சலர் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு பேட்ஜ் வேணும்னா தனியா பேசலாம்" என்றார்.

கேஸ் வால்வு எங்கள் வீட்டில் மேற்குச் சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திருப்பும் சாவியை ஒரு கயிற்றில் கட்டி அங்கேயே தொங்கவிட்டிருக்கிறோம். வாடை பலமாக வந்தால் அதைத் தேடாமல், ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியேறி, தூரத்தில் நின்று கூப்பிட வேண்டும். மூடிவிட்டால் திறப்பது கேஸ் கம்பெனி ஆளின் வேலை, நம்முடையது அல்ல. இதையும் சேர்த்துத்தான் அந்த அட்டை.

பேட்ஜ் வாங்கி சாஷில் தைத்தாயிற்று. அட்டைக் கட்டு இன்னும் இருக்கிறது. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை, புகை அலாரத்துக்கு பேட்டரி போடும் கையோடு ஐந்து அட்டை உருவிக் கேட்கிறேன். போன நவம்பரில் நாலு சரி. தவறியது "டார்ச் எங்கே?" என்ற கேள்வி. எப்போதும் இருக்கும் இழுப்பறையைப் பையன் பெருமையாகத் திறந்து காட்டினான், காலி. மாடியில் தங்கச்சி போர்வைக் கூடாரத்துக்குள் அதை வைத்துக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.